புதியவர்களுக்கு ஏற்ற கடல்

பினாங்கின் பத்து பெரிங்கி கடற்கரையில் சனி, ஞாயிறு காலைகளில் ஒருவர் கடலுக்கு மதிப்பெண் போடுகிறார். மரத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டு, சாக்பீஸால் முதலில் மலாயில், பிறகு ஆங்கிலத்தில், மிச்சமிருக்கும் இடத்தில் தமிழில் எழுதுகிறார்: ‘அலை ஒரு அடி. காற்று லேசு. தரை மணல். புதியவர்களுக்கு ஏற்றது.’ அவர் பெயர் செல்வம். ஐம்பது வயதிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மற்ற இரண்டு நாள் அலைச்சறுக்குப் பலகைகளை வாடகைக்கு விட்டு, அவற்றின் மேல் எழுந்து நிற்கக் கற்றுக்கொடுக்கிறார். முதல்முறை அந்த அறிவிப்பைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையில் துறைமுக அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். கடல் பற்றி என் மேசைக்கு வந்த அறிவிப்புகள் எல்லாமே இறங்காதே, நெருங்காதே என்ற ரகம். வந்து விழுந்து எழுந்து போ என்று கடலே அழைக்கும் தாள் ஒன்றில் நான் கையெழுத்திட்டதே இல்லை.

என் மனைவி விசாலாட்சிக்குச் சிரிப்பு வரவில்லை. “இதுக்குப் பேர் கடலா? குளம்” என்றாள். பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் அலைச் சத்தத்துக்கு மேல் தொலைக்காட்சியைக் கூட்டி வைத்துத்தான் செய்தி கேட்போம். பக்கத்து வீட்டுச் சண்டையின் பாதி வார்த்தைகளைக் கடல் தின்றுவிடும். மகள் சுதாவோடு இருக்கலாம் என்று பினாங்கு வந்த பிறகு, இந்த அமைதியில் அவளுக்குத் தூக்கம் போயிற்று. நான் வரைபடத்தை விரித்து, எதிரே சுமத்ரா மறித்துக்கொண்டு படுத்திருக்கிறது, நீரிணை குறுகியது, அலை ஓடி வளர இடமில்லை என்று விளக்கினேன். “காரணம் எனக்கு எதுக்குங்க? தூக்கம்தான் வரல” என்றாள். நான்கு ஆண்டுகள் சரியாகத் தூங்காமல் இருந்தாள். பிறகு மருத்துவமனையில் ஒரு மதியம், என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை நம்ம ஊர்க் கடல்லதான் விடணும். இந்தக் குளத்துல விட்டுடாதீங்க” என்றாள். தலையசைத்தேன். அலுவலகத்தில் என் தலையசைப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். கோப்பு அடுத்த மேசைக்குப் போகும், அவ்வளவுதான்.

அஸ்தியை விமானத்தில் கொண்டுபோக என்னென்ன வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், தூதரகக் கடிதம், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். தடையாக இருந்தது ஒன்றே ஒன்று. என் கடவுச்சீட்டு தங்கும் பாஸைப் புதுப்பிப்பதற்காகக் கொடுக்கப்பட்டிருந்தது; திரும்பி வர ஆறு வாரம் ஆகும். விசாலாட்சியோ பால்கனியில் சலவை இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு கலசத்துக்குள் இருந்தாள். மருமகன் தன் சட்டைகளை மட்டும் படுக்கையறைக்குள் உலர்த்த ஆரம்பித்தார். பத்தாவது நாள் சுதாவிடம் சொன்னேன்: “அம்மா இங்கேயே விட்டுடச் சொல்லிட்டாங்கம்மா. எல்லாருக்கும் வசதியா இருக்கும்னு.” அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அம்மாவா? வசதின்னு சொன்னாங்களா?” ஆமாம் என்றேன். இறந்தவரின் விருப்பத்தைச் சரிபார்க்க யாருடைய மேலொப்பமும் தேவையில்லை. நான் அறிந்த நடைமுறைகளிலேயே ஓட்டை பெரியது இதுதான். ஆறு வாரம் காத்திருந்தால் போதும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மூட்டுவலி, நான்கு மணி நேர விமானம், சென்னையில் விசாலாட்சியின் தம்பிகளின் முகங்கள், எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். அவள் சொன்ன ஒரு வாக்கியம் எடையில் குறைந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை செல்வத்திடம் விசாரணைக்குப் போனேன். எதற்கு என்று சொல்லவில்லை. சொன்னால் அனுமதி உண்டா என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் அலுவலகக் கவுண்டர் வரும். “இங்கே ஆழம் எப்படி?” என்று மட்டும் கேட்டேன். என் வேட்டியையும் முழங்கால் பட்டையையும் பார்த்து அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“பயப்படாதீங்கண்ணே. அம்பது அடி நடந்தாலும் முட்டிக்கு மேல வராதுலா. கீழ முழுக்க மணல்தான், கல்லு கில்லு இல்ல. போன மாசம் எழுவத்தஞ்சு வயசுல ஒரு பாட்டி எந்திரிச்சு நின்னுச்சு, தெரியுமா?”

“வயதானவர்களுக்குப் பாதுகாப்பு என்கிறீர்கள்.”

“நூறு பெர்சன்ட். இந்த பந்தாய்க் கரையில எதுவுமே காணாமப் போவாதுண்ணே. விழுந்தா, இந்தக் கடல் இருக்கானே, ஆளையும் பலகையையும் அவனே கரையில கொண்டாந்து விட்டுடுவான். நாளைக்கு வாங்க, மொத பாடம் காசு வேணாம்.”

எதுவுமே காணாமல் போகாது என்று அந்த மனிதர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் அதை ஒரு சிபாரிசாக எடுத்துக்கொண்டேன்.

அன்றே லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஒரு மண்பானையும் மஞ்சள் துணியும் வாங்கினேன். “பொங்கலுக்கு இன்னும் நாள் கெடக்கேண்ணே, இப்பவே வாங்கிட்டீங்க” என்றார் கடைக்காரர். முன்னேற்பாடு என்றேன்.

அஸ்தியைப் பானைக்கு மாற்றி வாயைத் துணியால் கட்டினேன். ஞாயிறு காலை, நீர் இறங்கும் நேரத்தை அட்டவணையில் பார்த்துக் குறித்துக்கொண்டு போனோம். இறங்கும் நீர் வெளியே இழுத்துப் போகும்; துறைமுகக்காரனுக்கு இது பாலபாடம். சுதா கரையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களுக்கு வலப்புறம் செல்வத்தின் மாணவர்கள் ஐந்தாறு பேர் மணலில் பலகைகள் மேல் குப்புறப் படுத்து, பயிற்சிக்காக வெறும் காற்றில் நீச்சலடித்துக்கொண்டிருந்தார்கள். முறை எனக்குத் தெரியும். இடுப்பளவு நீரில் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, பானையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். என் அப்பாவுக்குப் பட்டினப்பாக்கத்தில் செய்தபோது பானை கையை விட்டதும் அலை அதை அடித்து நொறுக்கியது, என்னையும் உருட்டிவிட்டது. திரும்பிப் பார்க்க எனக்கு அவகாசமே இருக்கவில்லை. இங்கே இடுப்பளவு நீரைத் தேடி நான் நடந்தேன், நடந்தேன், கரை சிறுத்துப்போகும் வரை நடந்தேன். நீர் முழங்காலைத் தாண்டவில்லை. சரி, விதிவிலக்கு என்று எனக்கு நானே அனுமதி கொடுத்து, திரும்பி நின்று பானையை விட்டேன். தொப் என்று ஒரு சின்னச் சத்தம். நேராகப் பார்த்தபடி நடந்தேன்.

பத்தடி போயிருப்பேன். ஏதோ ஒன்று என் கெண்டைக்காலில் வந்து மெல்ல இடித்தது. நடந்தேன். மறுபடியும் இடித்தது. விசாலாட்சி சந்தைக்குள் என் பின்னால் நடக்கும்போது பையால் இப்படித்தான் இடிப்பாள், மெதுவாகப் போகச் சொல்லி. நான் வேகமாக நடந்தேன். முழங்கால் வலியோடு, திரும்பிப் பார்க்காமல், என் மனைவியிடமிருந்து தப்பித்து ஓடினேன் என்பதுதான் சரியான வாசகம். பானை பின்தங்கியது. அப்போது “அங்கிள்! அங்கிள்!” என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். அதற்குள் நீரில் இறங்கியிருந்த செல்வத்தின் மாணவி, நடுவயதுச் சீனப் பெண்மணி, அன்றுதான் அவருக்கு முதல் பாடம். மிதந்து போன பானையை எடுத்துப் பலகையின் முனையில் வைத்துக்கொண்டு, பலகை மேல் குப்புறப் படுத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு அடி அலை ஒன்று வந்து அவரைத் தூக்கியது. பலகையும் பெண்மணியும் பானையுமாக என்னைக் கடந்து வழுக்கிக்கொண்டு போய், சுதாவின் காலடி மணலில் ஏறி நின்றார்கள். மாணவர்கள் எழுந்து கைதட்டினார்கள். செல்வம் விசிலடித்தார். அந்த அம்மாளுக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் அலை.

“குட் பாட், அங்கிள். தூக்கிப் போடாதே, சாயாங்லா” என்று பானையைச் சுதாவிடம் நீட்டினார். சாயாங் என்றால் வீணாகப் போகிறதே என்று அர்த்தம். ஈரத் துணியின் வழியே சாம்பல் நிற நீர் அவருடைய மணிக்கட்டில் வழிந்தது. சேறு என்று நினைத்துக் கையைக் கடலில் அலசிக்கொண்டார். நன்றி என்றேன்.

செல்வத்துக்குப் புரிந்துவிட்டது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். “என்னாண்ணே நீங்க, ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? தண்ணி வெளிய போனாலும், மெதக்கிறத அலையும் காத்தும் உள்ளதான் தள்ளும். அதனாலதானே கத்துக்கிறவங்கள இங்க இறக்குறோம்? குடுங்க, நான் படகுல தூரமா கொண்டுபோய் விட்டுட்டு வரேன்.”

நான் கையை நீட்டினேன். சுதா பானையைத் தரவில்லை. “அப்பா, அம்மா நிஜமா இங்க விடச் சொன்னாங்களா?”

“இல்லை” என்றேன். அந்தப் பெண்மணி இரண்டாவது அலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“என்னதான் சொன்னாங்க?”

சொன்னேன், குளம் என்ற சொல் உட்பட; பாஸ் விஷயம் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். சுதா பானையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். வீடு வரும்வரை அதை மடியில் வைத்திருந்தாள். அவள் உடையில் வட்டமாக ஈரம் பரவியது. வீட்டு வாசலில்தான் பேசினாள். “லீவு போடறேன். நானே கொண்டு போறேன். நீங்க வரவேண்டாம்பா. பாஸ் விஷயம் இருக்கில்ல.” அதில் கோபம் இல்லை. என் காரணத்தை, ஒரு எழுத்தும் மாற்றாமல், எனக்கே திருப்பிக் கொடுத்தாள், அவ்வளவுதான்.

என்னால் முடிந்தது காகித வேலை. சான்றிதழ்களையும் நகல்களையும் அடுக்கிவிட்டு, பானையில் மிஞ்சியதை உலர்த்தலாம் என்று நேற்றுக் காலை பால்கனியில் செய்தித்தாளை விரித்துக் கொட்டினேன். பாதிக்கு மேல் கரைந்து போயிருந்தது. அந்தப் பாதி எங்கே என்று எனக்குத் தெரியும்: ஒரு அடி அலையில், முழங்காலளவு நீரில், ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்து வந்து திரும்பிக்கொண்டிருக்கும். நான் இங்கே இருக்கப்போவது அதோடுதான். மிஞ்சிய பாதியில் பத்து பெரிங்கி மணல் ஏறியிருந்தது. சலித்தால் பிரிந்துவிடும் என்று சுதாவின் மாவுச் சல்லடையை எடுத்தேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே பொடி, சேர்ந்தேதான் இறங்கின. சல்லடையில் நின்றவை வெள்ளையாக ஏழெட்டுத் துண்டுகள். சிலவற்றை எலும்பு என்றும் சிலவற்றைக் கிளிஞ்சல் என்றும் பிரித்து வைத்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எந்தக் குவியல் எது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பானைக்குள் போட்டுத் துணியைக் கட்டினேன். விமான நிறுவனத்தின் படிவத்தில் ‘உள்ளடக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை மட்டும் இன்னும் நிரப்பவில்லை.