கோட்டில் உட்கார்ந்த புள்ளிகள்

ஈர்ப்பு விசையே இல்லாத ஒரு துகள் கோட்பாடும் கருந்துளையும் அடிப்படையில் ஒன்றுதான் என்கிறார்கள் இயற்பியலாளர்கள். அதைச் சோதிக்க, சேலையூர் அறையில் என் கம்ப்யூட்டர் மூன்று வாரமாகத் துகள்களின் ஆற்றலைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. கருந்துளைக்கு வரவேண்டிய ஆற்றலை வரைபடத்தில் ஒரு கோடாக முன்பே வரைந்து வைத்திருந்தேன். கணக்கில் வந்த புள்ளிகள் அந்தக் கோட்டைவிட்டு விலகிய நாளெல்லாம், ‘கணக்கு இன்னும் நிலைக்கு வரவில்லை’ என்று ஓடவிட்டேன். ஒரு மாலை எல்லாப் புள்ளிகளும் கோட்டின் மேல் உட்கார்ந்தன. உடனே நிறுத்தி, படத்தை என் ஆய்வுப் பேராசிரியருக்கு அனுப்பினேன்.

அறைத்தோழன் எட்டிப் பார்த்தான். “சேராம இருந்திருந்தா இன்னிக்கு நிறுத்தியிருப்பியா மச்சான்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உன் வேலையப் பாருடா” என்று கத்தினேன். அவன் போனதும், நிறுத்திய இடத்திலிருந்து கணக்கைத் திரும்ப ஓடவிட்டேன்.

மறுநாள் பேராசிரியர் பாராட்டி எழுதியிருந்தார். அதைப் படிக்கும்போதே, திரையில் முதல் புள்ளி கோட்டைவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது.