பொக்லைன் சென்னியப்பனின் எம்.பி.ஏ.

ஒரு டிப்பர் லாரி மண்ணை ஏற்றிக்கொண்டு போய் அடுத்த லாரி வருவதற்குள் சென்னியப்பன் ஒரு பக்கம் படித்துவிடுவான். பொக்லைன் வண்டியை அதற்காக நிறுத்துவதில்லை. அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும். கண்ணாடியோரம் சாத்தி வைத்திருக்கும் தடிப் புத்தகத்தை மடியில் போட்டு, உதடு அசைய அசையப் படிப்பான். படித்தது மனதில் நிற்க வேண்டும் என்று அடுத்து வருகிற லாரிக்காரரிடம் சொல்லியும் காட்டுவான். "ஏனுங்க, ஒரு கம்பெனிக்காரர் சரக்கை எதுக்குக் குடோன்ல அடுக்கி வெக்கக் கூடாதுன்னு தெரியுங்களா?" என்று மேலே இருந்தபடி கேட்பான். லாரிக்காரருக்கு மண் நிறைந்தால் போதும். "நீங்களே சொல்லிப்போடுங்க, எனக்கு நேரமாச்சு" என்பார்.

எங்கள் கீரணத்தத்தில் அவன் வீடு எனக்கு எதிர்வீடு. வயது முப்பத்து மூன்று. ஆள் வாட்டசாட்டம். யாரையும் அவன் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. வழியை அடைத்துப் படுத்திருக்கும் நாயிடமும் "கொஞ்சம் தள்ளிப் படுங்க, வண்டி வருது" என்பான். அதுவும் தள்ளிப் படுத்துக்கொள்ளும். சோற்றுக்கு முதலில் ரசம் ஊற்றிக்கொள்வான், குழம்பு கடைசியில். அது என்ன பழக்கம் என்று கேட்டால், "முடிக்கறப்பக் காரமா இருந்தாத்தானுங்க சாப்பிட்ட மாதிரி இருக்குது" என்பான். வேலை விட்டு வந்தால் முதல் குளியல் வண்டிக்கு. அவன் குளிக்கும்போது தொட்டியில் தண்ணீர் இருக்காது.

சரவணம்பட்டிப் பக்கம் எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் பலவற்றுக்கு அஸ்திவாரக் குழி எடுத்தவன் அவன்தான். உள்ளே போய் உட்கார்ந்தது கிடையாது. "குழி எடுக்கற வரைக்கும் நம்ம இடமுங்க. அப்புறம் செக்யூரிட்டி உள்ள விடறதில்லீங்க" என்று சொல்லிச் சிரிப்பான்.

சம்பாத்தியம் உண்டு, சொந்த வண்டி உண்டு, கிணற்றோடு தோட்டம் உண்டு. பெண் மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் இப்போது அப்படித்தான். பெண்பிள்ளைகள் எம்.எஸ்ஸி., எம்.இ. என்று மேலே மேலே படித்துவிட்டார்கள். பையன்கள் பி.காம். வாங்கின கையோடு லேத்து, கோழிப்பண்ணை, பொக்லைன் என்று இறங்கிவிட்டார்கள். ஜாதகம் பொருந்தும், தோட்டம் பொருந்தும், படிப்பில் வந்து பேச்சு நின்றுபோகும். தரகர் அரங்கசாமிதான் இவனுக்கு வழி சொன்னார். "பயோடேட்டாவைக் கையில வாங்குனதும் படிப்பைத்தானுங்க பாக்கறாங்க. பேருக்குப் பின்னால ஒரு எம்மைப் போட்டுடுங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்."

வண்டிக்குப் புது டயர் போடச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு போய் எம்.பி.ஏ.வுக்குக் கட்டினான். வீட்டிலிருந்தே படிக்கிற படிப்பு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வகுப்பு. நான் அன்றைக்கே சொன்னேன். வருகிற பெண் உன்னோடு குடும்பம் நடத்தப் போகிறாளா, உன் புத்தகத்தோடு நடத்தப் போகிறாளா என்று கேட்டேன். டயர் போட்டால் வண்டி ஓடும், பட்டம் போட்டால் எது ஓடும் என்றும் கேட்டேன். இன்றைக்கும் என் பேச்சு அதுதான், அதில் மாற்றமில்லை.

அந்த ஐப்பசி மழையில், மொட்டை டயரோடு போன வண்டி கோவில்பாளையத்துக் களிமண்ணில் புதைந்துவிட்டது. இழுத்துவிட இன்னொரு பொக்லைன் வர வேண்டியதாயிற்று. காது வரை சேறோடு வந்து இறங்கினவனை வாசலிலேயே மறித்து, நான் சொன்னேனா இல்லையா என்று கேட்டேன்.

"சொன்னீங்காத்தா," என்றான். "ஆனா அந்த வண்டி வர்ற வரைக்கும் ரெண்டு பாடம் முடிச்சுப்போட்டேன்."

பெண்ணுக்காகத்தான் ஆரம்பித்தான். போகப் போக என்னவோ ஆகிவிட்டது. வகுப்பில் மற்றவர்கள் வாத்தியார் எப்போது விடுவார் என்று பார்க்கும்போது இவன் சந்தேகம் கேட்டு எல்லோரையும் உட்கார வைத்துவிடுகிறானாம். பெண் கிடைக்காவிட்டால் இவ்வளவும் தண்டச் செலவுதானே என்று ஒரு நாள் கேட்டேன். "நானும் அப்படித்தானுங்க நெனச்சேன். இப்பக் காலையில எந்திரிச்சா, நேத்துத் தெரியாதது ஒண்ணு இன்னைக்குத் தெரியுதுங்காத்தா. அது நல்லா இருக்குதுங்க" என்றான். நல்லா இருக்கிறது என்பதற்காக டயர் விலை கொடுப்பார்களா என்று நானும் விடவில்லை. நல்ல மனசுக்காரன் செய்தாலும் வீண் செலவு வீண் செலவுதான்.

கடைசியில் புள்ளியியல் பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது. மற்றதெல்லாம் பாஸ். அதை மறுபடியும் எழுதினால்தான் பட்டம்.

அதற்குள் மாரியம்மன் நோம்பி வந்தது. எங்கள் ஊர் நோம்பிக்குப் பொங்கல் இல்லாவிட்டாலும் பிளக்ஸ் இருக்கும். மேலே அம்மன், கீழே ஊர்ப் பையன்கள் அத்தனை பேர் முகமும், பேருக்குப் பின்னால் அவரவர் படிப்பும். படிப்பு இல்லாதவன் பேருக்குப் பின்னால் வண்டி நம்பராவது இருக்கும். அச்சடித்தவன் உக்கடத்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் அர்ஷத், சென்னியப்பனோடு பி.காம். படித்தவன். சிநேகிதனுக்குத் தன் பரிசாக 'எம்.பி.ஏ.' என்று சேர்த்துவிட்டான். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்த எழுத்து மற்றதைவிடப் பெரிது என்பது எனக்கே தெரிந்தது. சென்னியப்பன் பதறிப்போய்ப் போன் போட்டதற்கு, "எப்படியும் முடிக்கத்தானே போறீங்க, அட்வான்ஸாப் போட்டுட்டேன்" என்றானாம். சாமி படத்தோடு கட்டின பிளக்ஸை நோம்பி முடியாமல் இறக்கக் கூடாது என்று ஊர்ப் பையன்களும் சொல்லிவிட்டார்கள். அது எங்கள் வீதி முக்கிலேயே நின்றது. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் சென்னியப்பன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவான்.

அந்த வாரம் பார்த்துத்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு இடம் கூடி வந்தது. பெண் பேர் வர்ஷினி, எம்.எஸ்ஸி. போட்டோ பார்த்த நாளிலிருந்து சென்னியப்பன் லாரிக்காரர்களிடம் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டான். அவர்களே என்னவென்று விசாரித்தார்கள். பெண்ணின் அப்பா பாலுசாமி ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் விசாரிக்க வருகிறார் என்று அரங்கசாமி துப்புக் கொண்டுவந்தார். பிளக்ஸைப் பார்த்ததில் தரகருக்குப் பரம சந்தோஷம். அது பாட்டுக்கு இருக்கட்டும், யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சென்னியப்பனிடம் சொன்னார். எங்கள் வீட்டுக்கும் வந்து, யார் கேட்டாலும் பையன் படித்து முடித்துவிட்டான் என்று சொல்லச் சொன்னார். படிக்காதே என்று சொன்னவளும் நான், முடிக்காததை முடித்தான் என்று சொல்கிறவளும் நானா? முடியாது என்று சொல்லிப்போட்டேன்.

விசாரிக்க வருகிறவர்கள் எங்கள் பக்கம் அதை வெளியே சொல்ல மாட்டார்கள். விலைக்கு இடம் பார்க்க வந்தோம் என்பார்கள். ஊருக்கே விஷயம் தெரியும்; தெரியாத மாதிரி நாங்களும் இடம் காட்டுவோம். பாலுசாமி காரைப் பிளக்ஸுக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார், அண்ணாந்து படித்தார், நேராக என் வாசலுக்கு வந்தார். "ஏனுங்கம்மா, இந்தப் பக்கம் ஏதாச்சும் இடம் விலைக்கு வருதுங்களா?" மோர் கொடுத்து, மேற்கால ஒரு தோட்டம் வருகிறது என்றேன். பாதி மோர் குடித்த பிறகு, சும்மா கேட்பது போல, எதிர்வீட்டுத் தம்பி எம்.பி.ஏ. முடித்துவிட்டாரா என்றார். அதை அவனிடமே கேளுங்கள் என்று சென்னியப்பனைக் கூப்பிட்டேன்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு வந்து நின்றான். கூடவே வந்த அரங்கசாமி பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். சென்னியப்பன் அவரைப் பார்த்தான், வீதி முக்கில் நின்ற பிளக்ஸைப் பார்த்தான்.

"முடிக்கலீங்க. ஒரு பேப்பர் அரியர் இருக்குதுங்க. அங்க போட்டிருக்கறது நெசமில்லீங்க."

அரங்கசாமி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பாலுசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லா ஓடற தொழிலு கையில இருக்குது. இந்த வயசுல எதுக்குங்க தம்பி செலவு பண்ணிப் படிக்கோணும்? பேப்பரும் நின்னுபோச்சு. இனியும் எழுதுவீங்களா?"

"எழுதுவேனுங்க. நீங்க பொண்ணுக் குடுக்கலீன்னாலும் எழுதுவேனுங்க. அந்தக் கணக்கு இப்பத்தான் கொஞ்சம் பிடிபட ஆரம்பிச்சிருக்குது."

சொன்ன பிறகுதான், இடம் பார்க்க வந்த மனிதரிடம் பெண்ணைப் பற்றிப் பேசிவிட்டது அவனுக்கு உறைத்தது. காது இரண்டும் சிவந்துபோயிற்று.

பாலுசாமி என் பக்கம் திரும்பி, தன் மகளை எம்.எஸ்ஸி. சேர்த்தபோது, அந்தக் காசுக்கு நகை எடுத்து வை என்று ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தனக்குப் புத்தி சொன்னார்கள் என்றார். அவர்கள் சொன்னதில் தப்பில்லையே என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து காரை நோக்கி நடந்தார்.

அவர் எழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று சென்னியப்பன் நினைத்திருக்க வேண்டும். பொக்லைனைக் கிளப்பிக்கொண்டு போய்ப் பிளக்ஸுக்கு அடியில் நிறுத்தினான். சாமி படம் இருப்பதால் கிழிக்க முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கிரீஸ் டப்பாவோடு வண்டிக் கூரை மேல் ஏறினான். கை நிறையக் கிரீஸை அள்ளித் தன் பேருக்குப் பின்னால் இருந்த எழுத்தின் மேல் பூசினான். அரங்கசாமி கீழே நின்று, வேண்டாம் தம்பி, பேசிக்கலாம் தம்பி என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அம்மன் மேல படாமப் பூசு கண்ணு என்று நான் சொன்னேன்.

கார்க் கதவைத் திறந்த பாலுசாமி உள்ளே ஏறவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றார். பிறகு கையை மேலே நீட்டிக் காட்டினார்.

"அந்தக் கடைசி எழுத்து இன்னும் தெரியுதுங்க, மாப்பிள்ளை."

சென்னியப்பனின் கை அப்படியே நின்றது. குனிந்து கீழே பார்த்தான். பிறகு, கூரை மேல் நின்ற நிலையிலேயே, கிரீஸ் அப்பின இரண்டு கையாலும் மடித்துக் கட்டியிருந்த வெள்ளை வேட்டியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டான்.