சாலை திறந்த பிறகும் நிற்காத அழுகை

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால், என் மருமகள் ஷகிலாவை உளுந்தூர்பேட்டையில் உள்ள தாய்வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை. தலைப்பிரசவம் கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பிள்ளை பிறந்த பின் அவள் ஓயாமல் அழுததை அம்மா வீட்டு ஏக்கம் என்றே நினைத்தேன், எரிச்சல்கூடப் பட்டேன்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் அவள் அம்மா வந்து தங்கினார். அப்போதும் அழுகை நிற்கவில்லை. ஒரு நாள் குழந்தையை என் மடியில் வைத்து, "நீங்களே வளத்துக்கங்க மாமி. நான் இருந்து இன்னா ஆவப்போவுது" என்றாள்.

அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனோம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய், சிகிச்சையில் குணமாகும் என்றார். குணமாகச் சில மாதங்கள் ஆயின.

இப்போது யார் வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போனாலும், தொட்டிலுக்கு முன் பெற்றவளிடம் போய், "மனசு எப்படிம்மா இருக்குது?" என்று கேட்கிறேன். பிரசவம் ஆன பின் ஷகிலாவிடம் நாற்பது நாளும் நான் கேட்காத கேள்வி அது.