பருத்தி மூட்டைக்கு நடுவுல அஞ்சாவது பாட்டு

சினிமாவுக்கு இல்லாம சொந்தமா எழுதி, கிடாரைக் கரகரன்னு அடிச்சுப் பாடுறதுக்கு ஆல்டர்நேட்டிவ் ராக்னு பேராம். முதல் முதலா நாலஞ்சு பாட்டை மட்டும் சேர்த்து வெளியிட்டா அது ஈ.பி.யாம். பிள்ளைகளா, இது ரெண்டையும் எனக்குச் சொன்னது என் பொண்ணு. காலேஜ் கூட்டாளிங்க மூணு பேரைச் சேர்த்து அவ ஒரு குழு வச்சிருந்தா.

நான் பெரம்பலூர்ல ஒரு பருத்தி குடோன்ல லோடுமேன். வூட்ல பாடிப் பதிவு பண்ணினப்போ, "பாத்ரூம்ல பாடுற மாதிரி எதிரொலிக்குதுப்பா"ன்னு அவ சோர்ந்து போனா. எனக்கு ஒண்ணு தெரியும். மூட்டை அடுக்கின குடோன்ல கத்தினா சத்தம் திரும்பி வராது, பருத்தி குடிச்சிடும். முதலாளியைக் கேட்டேன். லோடு ஏத்துற வரைக்கும் பாடிக்கட்டும்னுட்டார்.

மூணு பக்கமும் மூட்டை, நடுவுல அவங்க நாலு பேர். நாலு நாள்ல நாலு பாட்டு முடிஞ்சுது. ஒரே வரியை இருபது தடவை பாடுவாங்க. முகம் சுளிக்க மாட்டாங்க. எனக்கு மூட்டை தூக்குறதே தேவலைன்னு தோணும்.

அஞ்சாவது நாள், சொன்னதுக்கு ஒரு நாள் முன்னாடியே லாரி வந்துடுச்சு. மூட்டை போயிட்டா எதிரொலி வந்துடும், அஞ்சாவது பாட்டு மத்த நாலோட சேராது. திருமானூர் ரோட்டுல காலேஜ் பிள்ளைகளைப் பாத்தும் நிக்காமப் போற பஸ்ஸைப் பத்தின பாட்டு அது. இருக்குறதுலயே நல்ல பாட்டு.

எங்க மேஸ்திரி, "வாசப்பக்கம் இருக்குறத மொதல்ல ஏத்துங்கப்பா, புள்ளைங்களச் சுத்தி இருக்குறதுல கடைசியா கை வைப்போம்"னார். ஆனா வாசல்ல லாரி இன்ஜின் உறுமிக்கிட்டே இருந்துச்சு. டிரைவர்கிட்ட கேக்க எனக்குக் கூச்சம். என் பொண்ணே வெளிய வந்தா.

"அண்ணே, நாலு நிமிஷம் இன்ஜின ஆஃப் பண்றீங்களா? பாட்டு ஒண்ணு பதியணும்."

"பாட்டா? எந்தப் படத்துக்கு?"

"படம் இல்லண்ணே. நாங்களே எழுதினது."

"ஏம்மா, பேட்டரி போன வண்டி இது. ஆஃப் பண்ணா தள்ளணும். உன் பாட்டா தள்ளும்?"

"நாங்க தள்றோம்ண்ணே."

டிரைவர் அவளையும், குச்சி மாதிரி கையோட நின்ன டிரம்ஸ் வாசிக்கிற பொண்ணையும் ஏற இறங்கப் பாத்தார். சிரிச்சுட்டு சாவியைத் திருப்பினார். லோடுமேன் எல்லாரும் மூட்டையை இறக்கி வச்சுட்டு அது மேலயே உக்காந்தோம். ஒருத்தருக்கு இருமல அடக்கி அடக்கிக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

உச்சத்துல போற வரியில அவ குரல் லேசா உடைஞ்சுது. கிடார்க்காரப் பையன் நிமிந்து பாத்தான். அவ நிறுத்தல. அந்த உடைஞ்ச குரலையே பிடிச்சுக்கிட்டு, பஸ் பின்னாடி ஓடுற மாதிரி கடைசி வரைக்கும் பாடி முடிச்சா. இன்னொரு தடவைன்னு யாரும் கேக்கல.

மிச்ச மூட்டையும் ஏறினதும் லாரியைத் தள்ளினோம். நாங்க போடுற "ஐலசா"வுக்கு அவங்க நாலு பேரும் தாளம் தப்பாம குரல் கொடுத்தாங்க. மூணாவது தள்ளுல வண்டி கிளம்பிடுச்சு.

காலியான குடோனுக்குள்ள போய்த் தொண்டையைச் செருமினேன். நாலு சுவரும் திருப்பிச் செருமிச்சு.

அடுத்த லோடுக்கு அதே டிரைவர் வந்தார். இறங்கினதுமே, "உன் பொண்ணு பாட்டு வந்துடுச்சாப்பா? போடு, கேப்போம்"னார். நான் போனை எடுக்குறதுக்குள்ள அவராவே இன்ஜினை ஆஃப் பண்ணிட்டார்.

"புது பேட்டரியா?"ன்னேன்.

"இல்லப்பா. தள்ளத்தான் நீங்க இருக்கீங்களே."