ஏழு மணிக்கு ஜன்னலில் நின்றவர்

எங்கள் குசினி ஜன்னலில் இருந்த, பாத்திரம் கழுவும் மஞ்சள் பேசின் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் அந்த ஓவியர் முதன்முதலாக எங்கள் கதவைத் தட்டினார். செவன் கிங்ஸ் என்ற இந்த ஊரில் வீடு வாங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. குப்பைத் தொட்டி விஷயமாகக் கவுன்சிலிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் திறந்தேன். எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர் ஒருவர், குளியலறை அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக நின்றார். என்னை உற்றுப் பார்த்தார். யாரென்று பிடிபடவில்லை போலும். அப்படியே பின்னால் நடந்து வாசல் கேட்டடிக்குப் போய், அங்கிருந்து பார்த்து, "ஓ, நீங்கள்தான்" என்றார். கிட்டத்தில் இருப்பது அவருக்கு மங்கல், தூரத்தில் இருப்பது துல்லியம்.

பேசின் வெடித்துப் போனதால் எறிந்துவிட்டேன் என்றேன். சாவுச் செய்தி கேட்டவர் மாதிரி முகம் வாடியது. "அப்படியானால் சுரண்டத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"விசர் மனுசன்" என்றேன் நான். என் கணவருக்கு அப்படி யாரையும் விட்டுவிட மனம் வராது. "பாவம், என்னவோ தேவைக்குத்தானே கேட்டிருப்பார். போய் விசாரிச்சுக்கொண்டு வாறன்" என்று கிளம்பியவர், ஒரு மணி நேரம் கழித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"இஞ்சரும், அந்த மனுசன் எங்கட வீட்டைப் படமாக் கீறிக்கொண்டிருக்கிறார். பின்பக்கத்தை. பதினொரு வருசமாம்!"

அவருடைய வீட்டுத் தோட்டமும் எங்கள் தோட்டமும் முதுகோடு முதுகு ஒட்டியவை. அவர் மாடி ஜன்னலில் நின்றால் எங்கள் வரிசையில் எட்டு வீடுகளின் பின்புறம் தெரியும். வேலியும், குடையாக விரித்த உடுப்புக் கொடியும், மழைநீர்க் குழாய்களும், குசினி ஜன்னல்களும். அதை மட்டுமே அவர் வரைந்துகொண்டிருந்தார். ஒரே படம். இளமையில் கடலை வரைந்து விற்றாராம். இன்னும் கடல் வேண்டும் என்று கேட்டார்களாம், எனக்குக் கடல் அலுத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்தவர்தான். பழைய கடல்களெல்லாம் அவர் குளியல் தொட்டிக்குள் அடுக்கிக் கிடந்தன. அதனால் குளிப்பதற்கு நீச்சல் குளத்துக்குப் போய் வருவார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது, தெருவில் அவரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. நானும் பேசியிருக்கிறேன்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார் என் கணவர். படம் ஒரு சுவர் அகலம் இருந்தது. நான் தினமும் குப்பை கொட்டப் போகிற அதே பின்புறம்தான். ஆனால் மூடுபனி விலகுகிற நேரத்து ஈரமும், ஓட்டுக் கூரையில் ஏறுகிற முதல் வெளிச்சமும் சேர்ந்து, நான் ஒருநாளும் குடியிராத ஊர் போலத் தெரிந்தது. அந்த ஊரில் எனக்கு ஒரு வீடு இருப்பதும் தெரிந்தது.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. காலை ஏழிலிருந்து எட்டு வரை என்ன தெரிகிறதோ அது மட்டும் படத்தில் இருக்கலாம். ஒன்று இல்லாமல் போனால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, இருப்பதை வரைவார். புயலில் விழுந்த பேரிக்காய் மரத்தைச் சுரண்டிய இடத்தில் வெறும் வானம். எங்கள் பேசினுக்கும் அதே கதிதான். இப்படிச் செய்தால் படம் எப்போது முடியும் என்று கேட்டேன். "நீங்களெல்லாம் சும்மா இருந்தால் முடியும்" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

ஆட்கள் அசைவதால் படத்தில் ஆட்களே இல்லை. ஒருவரைத் தவிர. எங்கள் ஜன்னலில், சுண்டுவிரல் உயரத்தில், நீலச் சுவெட்டரும் கம்பளித் தொப்பியுமாக இவர் நின்றார். "உங்கள் கணவர் மட்டும்தான் நேரத்துக்கு வருகிறார்" என்றார் ஓவியர்.

உண்மைதான். எங்கள் வீட்டில் சமையல் எனக்கு, கழுவல் இவருக்கு. முதல் நாள் பாத்திரங்களைக் காலை ஏழு மணிக்குத் தேய்த்து அடுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். இடக்கைக்காரர். சாப்பாட்டுக்கும் எழுத்துக்கும் மட்டும் அடித்து வலக்கையைப் பழக்கியிருந்தார்கள். மற்றதெல்லாம் இடக்கைதான். எனக்குப் பொறாமை வந்தது, மறைப்பானேன். அந்தக் குசினியில் வெந்தவள் நான், படத்தில் ஏறியவர் கழுவினவர். "அதுக்கும் ஒரு முகவெட்டு வேணும்" என்று வீடு வரும்வரை சீண்டிக்கொண்டே வந்தார்.

போன மார்கழியில் இவர் போய்விட்டார். காலையில் வேலைக்குப் போனவர், பஸ் தரிப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் போன மறுநாள் காலை, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனேன். பனியில் எதிரே ஓவியர் வீட்டு மாடி விளக்கு மங்கலாகத் தெரிந்தது. எனக்கு அப்போதுதான் படம் ஞாபகம் வந்தது. அங்கே இன்னும் இவர் நிற்கிறாரா? கத்தி எடுத்தாயிற்றா? வீட்டில் இவருடைய போட்டோ எத்தனையோ இருக்கிறது. எல்லாவற்றிலும் கமராவுக்காக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறார். தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்துகொண்டு நிற்பது அந்த ஒரு ஜன்னலில்தான்.

போய்க் கெஞ்சலாம். சட்டம் பேசுகிற மனுசனிடம் கெஞ்சி என்ன பயன்? அறைக்குப் போய் நீலச் சுவெட்டரைப் போட்டேன். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டேன். திரும்பி வந்து, கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே இறக்கிக் கழுவத் தொடங்கினேன். எட்டு மணி வரை கழுவினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. மாசி வந்தது, பங்குனி வந்தது. வெந்நீர் ஆவியில் கண்ணாடி மங்கும். அதற்கு அப்பால் மாடி விளக்கு மிதக்கும். சுவெட்டரின் கைகள் என் விரல்களை மூடும். சில காலைகளில் நான் கழுவுகிறேனா, கதவடியில் நின்று இவர் கழுவுவதைப் பார்க்கிறேனா என்பது எனக்கே தெரியாது. அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிற வேலைதான். ஆனாலும் அவருக்கு எண்பது வயதாகிறது, தெரியவா போகிறது என்று நினைத்தேன்.

மகள் பார்க்கிங் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்து உடுப்புகளையெல்லாம் மூட்டை கட்டினாள். சுவெட்டரையும் தொப்பியையும் பறித்தெடுத்துக்கொண்டேன்.

"அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள்.

"ஓம், குளிருது" என்றேன்.

சித்திரையில் இரண்டு நாள் மாடி விளக்கு எரியவில்லை. மூன்றாம் நாள் ரசம் எடுத்துக்கொண்டு போனேன். அவருக்கு மூக்கடைக்கும் தடிமனும் காய்ச்சலும், அங்கிக்கு மேல் இன்னொரு அங்கி. கதவைத் திறந்ததும் வழக்கம்போலப் பின்னால் நடந்து, நடையின் மறுகோடிக்குப் போய் என்னைப் பார்த்தார். "மேலே வாருங்கள்" என்றார்.

படத்தில் இவர் நின்றார். சுரண்டவில்லை. நீலச் சுவெட்டரின் தோளில் புது வண்ணம் ஈரமாகப் பளபளத்தது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு இடக்கையில் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு வயதான மனிதரை ஏமாற்றிவிட்டேன் என்ற வெட்கமும் சேர்ந்து வந்தது. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன்.

"அவர் மார்கழியில்..."

"தெரியும்" என்றார் ஓவியர். "முதல் நாளே தெரியும். தூரம் எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் வலக்கையால் தேய்க்கிறீர்கள்."

அவர் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அதனால் தோள்தான் எனக்குச் சரியாக வரமாட்டேன் என்கிறது. ஞாபகத்தில் வரைய நான் பழகவில்லை. நாளையிலிருந்து இடக்கையால் தேய்க்க முடியுமா?"

மறுநாள் ஏழு மணிக்கு எதிரே விளக்கு எரிந்தது. சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, பஞ்சை இடக்கையில் எடுத்தேன். முதல் பீங்கான் தட்டு கை நழுவி விழுந்து உடைந்தது. அடுத்ததை எடுத்தேன்.