மேலப்பாளையத்தில் வாங்கிய லென்ஸ்

அல்வாவைக்கூடத் தொட்டுச் சூடு பார்த்துத்தான் வாங்குகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் பழைய லென்ஸ் வாங்கினால் தூக்கம் எங்கே வரும்?

முகம் எடுப்பதற்கென்றே அந்தக் காலத்தில் செய்த லென்ஸ் அது. என்னுடையது பழைய ஃபிலிம் கேமரா. உள்ளே இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாகச் சேர்த்தால்தான் படம் தெளிவாக விழும். இந்த லென்ஸை அதில் மாட்டி மனைவியை ஒரே ஒரு நல்ல படம் எடுக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் வீட்டு ஆல்பம் எதைப் புரட்டினாலும் அவள் ஓரத்தில் தாம்பாளத்தோடு பாதியாகத்தான் நிற்பாள்.

விற்றவர் மேலப்பாளையத்துக்காரர், வளைகுடாவில் ஸ்டுடியோ வேலை பார்த்துத் திரும்பியவர். வளையத்தில் ஜெர்மன் பெயர் இருந்தது. ரஷ்ய லென்ஸில் பெயரைச் சுரண்டிவிட்டு ஜெர்மன் பெயரைப் பொறிக்கிற வித்தையெல்லாம் எனக்குத் தெரியும். அவர் டீ வாங்கிக்கொடுத்து உபசரித்தது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

டவுணில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் மனைவியை உட்காரவைத்து எடுத்தேன். ஃபிலிமை நானே கழுவினேன். முகம் தெளிவில்லை. அடுத்த ரோலிலும் அதே கதை. ஏமாந்தது எரிச்சலாக இருந்தாலும், நான் நினைத்தது சரியாகப் போனதில் ஒரு அற்ப சந்தோஷம்.

சண்டை போடத்தான் மேலப்பாளையம் போனேன். அவர் கோபப்படவில்லை.

"என்னையவே ஒரு படம் எடுத்துப் பாருங்க அண்ணாச்சி. சரியில்லன்னா லென்ச கொண்டாந்து குடுத்துருங்க, நான் எடுத்துக்கிடுதேன்."

அவர் கடைக்குள் மங்கல் வெளிச்சத்திலேயே எடுத்தேன். கழுவிப் பார்த்தால், தாடி முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. உடனே என் சந்தேகம் வீட்டுக்குத் திரும்பியது. லென்ஸ் வந்த நாளிலிருந்தே மனைவிக்கு அது பிடிக்கவில்லை. வேண்டுமென்றே அசைகிறாள் என்று முடிவு கட்டி, மறுபடி ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.

"ஏட்டி, ஒரு நிமிசம் அசையாம இருக்க முடியாதா?"

"நான் எங்க அசையுதேன்? கல்லு மாதிரில்லா இருக்கேன்."

அந்த ரோலைக் கழுவி, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். சேலைக் கரையில் ஜரிகை நூல் நூலாகத் தெரிந்தது. மடியில் இருந்த விரல்களின் நகம்கூடத் துல்லியம். கம்மல் கல் மட்டும் ஒரு சின்னக் கோடாக இழுபட்டிருந்தது. முந்தைய ரோல்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே கோடு.

வெளியே வந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேமரா இல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். தலை இடமும் வலமுமாக, மிக லேசாக, யாரிடமோ வேண்டாம் என்று சொல்வதுபோல ஆடிக்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. அவளுக்கு அது தெரியவும் இல்லை. எத்தனை நாளாக இப்படி என்று எனக்கும் தெரியவில்லை. என்ன நோயின் தொடக்கமோ என்று பயந்தேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "என்ன இப்படிப் பாக்கிய? லென்சு போலியா?"

"இல்ல. நல்ல லென்சுதான்" என்றேன். போலியாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.