சர்க்கரை போடாத எட்டு காபி

கட்டிங் மாஸ்டருக்குச் சர்க்கரை வியாதி வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நாற்பது அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, சாக்குக்கட்டியால் போட்ட கோட்டின் மேல் வெட்டும் மிஷினை நடத்துவது அவர் வேலை. இடக்கையில் இரும்பு வலைக் கையுறை. கோடு ஒரு நூல் விலகினால் நாற்பது சட்டைக்கும் தோள் கோணிவிடும். அதனால் கண் அசரக்கூடாது என்பார். அதற்குத்தான் காபி என்பார். கேன்டீனிலிருந்து தட்டோடு வரும் காபிக்காரம்மா முதல் கோப்பையை அவர் மேசையில் வைத்துவிட்டுத்தான் மற்ற வரிசைகளுக்குப் போவாள். "மாஸ்டர் உடம்புல ரத்தமா ஓடுது, டிகாஷன்தானே ஓடுது" என்று தையல் பகுதியில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வியாதி என்று தெரிந்த அன்றே காபியில் சர்க்கரையை நிறுத்திவிட்டார். அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் "ஒரு நாளைக்கு எத்தனை காபி குடிப்பீங்க?" என்று மருத்துவர் முதல் தடவை கேட்டபோது, பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் குடிப்பது காலையில் ஒன்றுதான்.

"ஒண்ணுதான் டாக்டர்" என்றார்.

பொய் சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னதல்ல. நாக்கு முந்திக்கொண்டது. அடுத்த தடவை திருத்தியிருக்கலாம். அதற்குள் சீட்டில் ஏறிவிட்டது. ஏறியதை இறக்க வாய் வரவில்லை. தொழிற்சாலையில் ஏழு, வீட்டில் ஒன்று என்று எட்டு கோப்பை போய்க்கொண்டிருந்தது. சாயங்காலம் கிளம்பும் முன் குழாயடியில் மூன்று தடவை வாய் கொப்பளிப்பது மட்டும் புதுப் பழக்கமாகச் சேர்ந்தது. சர்க்கரை போடாத காபி என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்த மனிதருக்கு, அதை ஏன் கொப்பளித்துத் துப்ப வேண்டியிருந்தது என்று கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

அவருடைய மூன்று மாதச் சர்க்கரை அளவு ஒன்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. மருத்துவர் மாத்திரையை ஏற்றினார். அப்படியும் அசையவில்லை. கடைசியில், என்ன சாப்பிடுவது என்று சொல்லித்தரும் பெண்ணிடம் இருவரையும் அனுப்பினார். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மாஸ்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேள்வியெல்லாம் மனைவிக்கு.

"சமைக்கறது நீங்கதானே? எண்ணெய் எவ்வளவு ஊத்துறீங்க? கிழங்கு வைக்கறீங்களா?"

"கிழங்கு வாங்கியே ஒரு வருஷம் ஆச்சும்மா. எல்லாம் அளந்துதான் வைக்கறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. ரிப்போர்ட் வேற சொல்லுதே. அவர் நல்லா இருக்கணும்னா உங்க கையிலதான் இருக்கு."

மனைவி தலையாட்டினாள். மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த பழங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக்கூடக் கை கொஞ்சம் நடுங்கும். அவருக்கு அன்று நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அதிகம் கூசிப்போனார்.

மனைவி அந்த வாரமே காபியை விட்டாள். அவரைவிடப் பெரிய காபிப் பைத்தியம் அவள். காலையில் முதல் வாய் உள்ளே இறங்காமல் யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். "வீட்ல நான் ரெண்டு மூணு தடவை கலந்தா அந்த வாசனையே உங்களை இழுக்கும். உங்களுக்கு அந்த ஒண்ணு போதும், எனக்கு வேண்டாம்" என்றாள். பத்து நாள் மண்டை இடித்தது. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வீட்டு வேலை பார்த்தாள். மாஸ்டர் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்த விரலில் அன்றைக்குக் குடித்த ஏழு கோப்பையின் வாசனை இருக்குமோ என்று பயந்து, தைலத்தை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்தாள். "ஆம்பளைக்கு நாக்கு நீளம்தான். வீட்டுக்காரிதான் இழுத்துப் பிடிக்கணும். என் தம்பி இப்படி வத்திப்போறான், நீ என்னதான் பாக்கறே?" என்று மனைவியைக் கேட்டாள். மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாஸ்டர் விசிறியை அக்கா பக்கம் திருப்பி வைத்தார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தன.

அடுத்த மாதம் ஒரு நாள் அவர் மத்தியான மாத்திரையை வீட்டில் மறந்துவிட்டு வந்தார். மனைவி அதை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்துவிட்டாள். காவலாளி உள்ளே விட்டார். அவள் வெட்டு மேசைக்கு வந்த நேரமும் காபிக்காரம்மா தட்டோடு வந்த நேரமும் ஒன்றாக அமைந்தது.

"மாஸ்டர் வீட்டம்மாவா? வாங்கம்மா" என்று காபிக்காரம்மா முகம் மலர்ந்தாள். "உங்க வீட்டுக்காரரைப் பத்திக் கவலையே படாதீங்க. இங்க ஏழு காபி குடிச்சாலும் ஒரு சிட்டிகை சர்க்கரை போட மாட்டேன். அவருக்குன்னு தனியா கலக்கறேன். பாவம், உடம்பு சரியில்லாத மனுஷன்."

மிஷின் நின்றிருந்தது. மாஸ்டர் கையுறையைக் கழற்றவும் தோன்றாமல் நின்றார்.

"ஏழா?" என்றாள் மனைவி.

"நாலஞ்சு வருஷமா அதே ஏழுதான். நீங்க ஒண்ணு குடிங்கம்மா, சூடா இருக்கு."

"இல்லம்மா. நான் விட்டுட்டேன்."

மாத்திரைப் பொட்டலத்தைத் துணியின் ஓரத்தில் வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பார். நீள வரிசையில் எல்லாத் தையல் மிஷின்களையும் தாண்டி அவள் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவர் வாய் கொப்பளிக்கவில்லை.

வீட்டில் அவள் வழக்கம்போல அளந்து வைத்தாள். அவர்தான் பேச்சை எடுத்தார்.

"தப்புதான்."

"எது?"

காபி என்று சொல்ல வாயெடுத்தார். அது இல்லை என்று அவருக்கே தெரிந்தது. "அந்தப் பொண்ணு உன்னைக் கேட்டப்ப நான் சும்மா இருந்தது" என்றார்.

"எனக்குச் சமைக்கத் தெரியலையோன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன்" என்றாள் அவள்.

மறுநாள் மருத்துவரிடம் இருவரும் போனார்கள். மாஸ்டர் உட்காராமல் நின்றபடியே சொன்னார். மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான் மாத்திரைய ஏத்திக்கிட்டே இருந்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே. காபில இருக்கற கஃபீன் சில பேருக்குச் சர்க்கரைய ஏத்தும். எல்லாருக்கும் இல்ல. உங்களுக்கு ஏத்துதான்னு சோதிச்சுப் பாத்தாதான் தெரியும். அது போக எட்டு கோப்பைப் பால். அதுவும் ஆகாரம்தானே. ஒரேயடியா விடாதீங்க, படிப்படியா குறைங்க."

"அந்தப் பொண்ணுகிட்டயும் நான் சொல்லணும் டாக்டர்" என்றார். கதவைத் தட்டி உள்ளே போய், மனைவியை முன்னால் நிறுத்திக்கொண்டு சொன்னார். அந்தப் பெண் முகம் சிவந்து மனைவியிடம் மன்னிப்புக் கேட்டாள். அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். "அடப்போடா, காபிதானே." அந்தச் சிரிப்பு அவருக்கு அடிபோல விழுந்தது. "காபி இல்லக்கா. நீ அவகிட்டப் பேசு" என்று தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தார்.

எட்டு ஐந்தாகி, ஐந்து இரண்டானது. தலைவலி வந்தது, தைலத்தை அவரே தேய்த்துக்கொண்டார். விரலில் குத்திச் சோதித்துப் பார்த்ததில், காபி குடித்த வேளைகளில் அளவு ஏறுவது அவருக்கே தெரிந்தது. நாலு மாதத்தில் ஒன்பது, எட்டுக்குக் கொஞ்சம் கீழே வந்தது. மருத்துவருக்குத் திருப்தி.

மனைவியும் பழையபடிதான் இருந்தாள். சிரித்தாள், சண்டை போட்டாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்து, "வெளியே தூறல் போடுது, துணிய எடுத்துடு" என்றார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஜன்னலுக்குப் போய், கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுக்கப் போனாள்.